2024: மலைப்பாதையில் முழுதாகக் கேட்ட இண்டி ராக் ஆல்பங்கள்

கோத்தகிரி_கொழுந்து
28 டிசம்பர் 2024, இரவு 9.40

வாரத்தில் இரண்டு நாள் வேலை நிமித்தம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுகிறேன். 33 கிலோமீட்டர். அரவேனு தாண்டியதும் கைபேசியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் சுத்தமாக நின்றுவிடும். அதனால் முந்தைய இரவே ஓர் ஆல்பத்தை இறக்கி வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான். பிடிக்காவிட்டாலும் வேறு போக்கிடம் கிடையாது. முதல் பாடலிலிருந்து கடைசிவரை அதையே கேட்டாக வேண்டும். இந்த ஆண்டு அப்படிக் கேட்டவற்றில் என்னைத் திரும்பத் திரும்ப முழுதாகக் கேட்க வைத்தவை ஐந்துதான். எல்லாம் இண்டி ராக், அதாவது பெரிய பதிவு நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் இசை வகை. அவற்றைப் பற்றி எழுதத்தான் இந்த இழை.

முதலில் எம்.ஜே. லெண்டர்மனின் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’. செப்டம்பர் 6 அன்று வெளியானது. அவருடைய ஊர் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஆஷ்வில், ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இருக்கும் நகரம். ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அதே ஊரில்தான். 1999இல் பிறந்தவர், ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தவர், ‘வெட்னஸ்டே’ குழுவில் கிட்டார் வாசித்தவர். ஒன்பது பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் பாடுவது மலையழகை அல்ல. மனைவி போன பிறகு கையில் மிஞ்சிய பொருள்களைக் காட்டிப் பெருமை பேசும் ஆண், தவறு செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்ளத் தெரியாத ஆண் என்று சிறிய ஊர்களில் நாம் தினமும் பார்க்கிற மனிதர்கள். சுற்றுலாப் பயணிகள் போன பிறகு ஒரு மலையூர் மாலையில் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த மாலை இந்த ஆல்பத்தில் இருக்கிறது. பின்னால் இழையும் ஸ்டீல் கிட்டார் குரல் சொல்லத் தயங்குவதைச் சொல்லிவிடுகிறது.

வாக்சஹாட்சியின் ‘டைகர்ஸ் பிளட்’ அடுத்தது. கேட்டி க்ரட்ச்ஃபீல்டு என்ற அலபாமாப் பெண்ணின் ஆறாவது ஆல்பம். வாக்சஹாட்சி என்பது அவர் வளர்ந்த வீட்டுக்கு அருகில் ஓடும் ஓடையின் பெயர். தன் ஊர் ஓடையின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டு உலகம் சுற்றுகிறவர் என்பதற்காகவே அவரிடம் எனக்குத் தனி அன்பு உண்டு. இதிலும் லெண்டர்மன் கிட்டார் வாசித்திருக்கிறார். இருவரும் சேர்ந்து பாடும் ‘ரைட் பேக் டு இட்’ நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்த இருவரைப் பற்றியது. காதல் தொடங்குவதற்கும் முறிவதற்கும் ஆயிரம் பாடல்கள் இருக்கின்றன, நீடிப்பதற்கு இப்படி எத்தனை இருக்கும்?

‘டைகர்ஸ் பிளட்’ வெளியான அதே நாளில், மார்ச் 22 அன்று, அமெரிக்கப் பாடகி ஏட்ரியன் லெங்கரின் ‘பிரைட் ஃபியூச்சர்’ வந்தது. காட்டுக்குள் இருந்த ஒரு ஸ்டுடியோவில், கணினி இல்லாமல், நேராக டேப்பில் பதிவு செய்தது. நாற்காலி நகரும் ஓசை கேட்கிறது, மூச்சு கேட்கிறது. இதைப் பஸ்ஸில் கேட்கப் பின்னிருக்கை வேண்டாம், இன்ஜின் சத்தம் விழுங்கிவிடும்.

அயர்லாந்துக் குழு ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யின் ‘ரொமான்ஸ்’ மேலேறும் பாதைக்கு. நைஜரைச் சேர்ந்த எம்டூ மோக்டாரின் ‘ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்’ ஐந்தாவது. அதை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. அதனால் இப்போதைக்குக் கடைசியில் வைக்கிறேன்.

உங்கள் பட்டியலை எழுதுங்கள். தயவுசெய்து பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.


குன்னூர்_208
28 டிசம்பர் 2024, இரவு 11.15

கொழுந்து அவர்களே, நீங்கள் மூன்று மாதமாக லெண்டர்மனைப் பற்றிச் சொல்லி வருகிறீர்கள். நானும் மூன்று தடவை முயன்றுவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் பாடுவது போன்ற குரல். கடைசிப் பாடல் பத்து நிமிடம். அதில் பெரும்பகுதி ஒரே இரைச்சல். ஒன்பதில் ஆறு பாடல்கள் ஒரே வேகத்தில் நடக்கின்றன. வரிகள் நன்றாக இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வரிகளுக்காகவென்றால் நான் கவிதை படித்துக்கொள்வேனே.

பஸ் அளவுகோலே எனக்கு ஏற்புடையதாக இல்லை. சில ஆல்பங்களுக்கு அசையாமல் உட்கார வேண்டும். ‘தி க்யூர்’ குழு 16 ஆண்டுகளுக்குப் பிறகு நவம்பர் 1 அன்று ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு’ வெளியிட்டார்கள். எட்டுப் பாடல்கள். முதல் பாடலில் மூன்று நிமிடத்துக்கு மேல் இசை மட்டுமே. அதற்குப் பிறகுதான் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். கடைசிப் பாடலில் ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். பெற்றோரையும் அண்ணனையும் இழந்த மனிதர் அவர்; அண்ணனுக்காகவே ஒரு பாடல் இருக்கிறது. என் அண்ணன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நவம்பர் மழையில் மின்சாரம் போன ஓர் இரவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சிறிய ஸ்பீக்கரில் அதைக் கேட்டேன். பாடல் முடிந்த பிறகும் நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை. என் பட்டியல் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

க்யூர் இண்டி ராக்கா என்று யாராவது கேட்பீர்கள். 1979இல் முதல் ஆல்பம் வெளியிட்ட அந்தக் குழு இல்லாமல் இன்று இண்டி என்று நாம் சொல்லும் பாதிக் குழுக்களின் கிட்டார் ஓசை இப்படி இருந்திருக்காது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குள் நான் போகப் போவதில்லை.


பூம்பாறை_மூடுபனி
29 டிசம்பர் 2024, காலை 7.05

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொழுந்து ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ வெளியாகிச் சரியாக மூன்று வாரத்தில், செப்டம்பர் 27 அன்று, ஹெலீன் புயல் ஆஷ்வில்லைத் தாக்கியது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் மலை நகரத்தைப் புயல் என்ன செய்துவிடும் என்று அங்கேயும் நினைத்திருப்பார்கள். ஆறு பொங்கியது, சரிவுகள் இடிந்தன, சாலைகள் போயின. குழாயில் குடிக்கத்தக்க நீர் திரும்பி வர நவம்பர் 18 ஆகிவிட்டது.

2018 நவம்பர் 16 அன்று கஜா எங்கள் மலையைக் கடந்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், புயல் என்பது நாகப்பட்டினத்தோடு முடிந்துவிடும் என்று. மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பூண்டு வயலில் நின்ற நீரை அப்பாவும் நானும் வெட்டிவிட்டோம். அதனால் ஆஷ்வில் செய்தி வந்தபோது அது எனக்கு வெளிநாட்டுச் செய்தியாகப் படவில்லை.

அக்டோபரில் அந்தப் பகுதியின் நிவாரணத்துக்காகக் ‘கார்டினல்ஸ் அட் த விண்டோ’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள், எல்லாம் அதற்கு முன் வெளிவராதவை. இசைக்கலைஞர்கள் தங்களிடம் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். ஓர் ஆல்பமாகப் பார்த்தால் அதற்கு ஒழுங்கு கிடையாது, முழுதாகக் கேட்க ஒரு பகல் வேண்டும். ஆனாலும் இந்த ஆண்டு நான் காசு கொடுத்து வாங்கிய ஒரே தொகுப்பு அதுதான்.


பண்ணைக்காடு_காபி
29 டிசம்பர் 2024, மாலை 6.30

காபிப் பழம் பறிக்கும் காலம். பகலெல்லாம் கை வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. அதற்கு ஏற்றது ‘சிண்டி லீ’யின் ‘டயமண்ட் ஜூபிலி’. பேட்ரிக் ஃப்ளெகல் என்ற கனடியக் கலைஞர் மேடையில் ஏற்கும் வேடத்தின் பெயர் சிண்டி லீ. 32 பாடல்கள், இரண்டு மணி நேரம். மார்ச் மாதம் வெளியானபோது ஸ்பாட்டிஃபையில் கிடையாது, எந்தச் செயலியிலும் கிடையாது. யூடியூபில் ஒரே நீளக் காணொளி. இல்லையென்றால் தொண்ணூறுகளில் செய்தது போன்ற ஒரு பழைய பாணி இணையப் பக்கத்திலிருந்து கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், விரும்பினால் 30 கனடிய டாலர் அனுப்பலாம். பதிவு நிறுவனம் இல்லை, விளம்பரம் இல்லை. அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் எத்தனையோ பட்டியல்களில் அது இருக்கிறது.

ஓசையைச் சொல்ல வேண்டுமென்றால், சின்ன வயதில் இரவில் கோடை பண்பலை 100.5 கேட்டவர்களுக்குப் புரியும். அலைவரிசை சற்று விலகும்போது பாடலுக்கு அடியில் இன்னொரு பாடல் ஓடுவது போல இருக்குமே, அது. அறுபதுகளின் பெண் குழுப் பாடல்கள் எங்கோ தொலைவில் ஒலிக்க, நம் பக்கத்தில் ஒற்றைக் கிட்டார் அழுகிறது. பாட்டி வீட்டுப் பரணிலிருந்து எடுத்தது போன்ற ஓசை, ஆனால் இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் இல்லாததால் ஏப்ரலில் இறக்கியதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் நீளம் என்று சொல்பவர்கள் அதை உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். மரத்தடியில் நின்று கேட்டால் ஒரு கூடை நிறைவதற்குள் முடிந்துவிடுகிறது.


கூடலூர்_வானொலி
30 டிசம்பர் 2024, இரவு 8.20

நான் வயதில் மூத்தவன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பம். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி, மாலையில் இலங்கை வானொலி கேட்காமல் உறங்கியதில்லை. என் காது அங்கே பழகியது. ராக் இசை பிறகுதான், ஊட்டியில் படித்த நாட்களில் கேசட் வழியாக வந்தது. இங்கே எழுதுபவர்களின் ரசனையை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் பட்டியல்களில் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். ஆஷ்வில் மனிதரின் தனிமை உங்களுக்குப் புரிகிறது, நல்லது. நம் மலைகளில் இருப்பவர்களின் தனிமையை யார் கிட்டாரில் வாசிக்கிறார்கள்?

கொழுந்து கடைசியில் வைத்த எம்டூ மோக்டாரை நான் முதலில் வைக்கிறேன். சகாரா பாலைவனத்தில் வாழும் துவாரெக் இனத்தவர். பலகையில் சைக்கிள் பிரேக் கம்பிகளைக் கட்டித் தன் முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் சகாரா முழுக்கப் பரவியது கடைகள் மூலமாக அல்ல. கைபேசி மெமரி கார்டுகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயின. பாடுவது தமாஷேக் மொழியில். இந்த ஆல்பத்தில் ஒரு பாடல் தன் மக்களிடம் அந்த மொழியைக் கைவிடாதீர்கள் என்று கேட்கிறது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது குழு அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. அந்த நாட்களில் இதே பாடல்களை மின்கிட்டார் இல்லாமல் வாசித்து இன்னொரு ஆல்பமாகவே பதிவு செய்திருக்கிறார்கள், பிப்ரவரியில் வரப்போகிறது. திரும்பிப் போக முடியாத நிலை என்னவென்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். சொந்த ஊர் என்று நாங்கள் சொன்னது ஒன்று, சட்டம் சொன்னது இன்னொன்று.

என் கேள்விக்குப் பதில் வேண்டும், கோபத்தில் கேட்கவில்லை.


குன்னூர்_208
30 டிசம்பர் 2024, இரவு 10.02

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்தவரை இந்த மண்ணிலிருந்து இண்டி ராக் ஆல்பம் இந்த ஆண்டு என் கைக்கு எட்டவில்லை. இந்தியா என்று பார்த்தால் டெல்லியின் ‘பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ.’ ஆகஸ்டில் ‘பீட்டா’ வெளியிட்டார்கள். கல்யாண வீட்டு பேண்டு வாத்தியமும் பழைய ஜாஸும் ஒன்றாகக் கலந்த ஓசை, குரல் மட்டும் எப்போதும் சற்று விலகி நிற்கும். சென்னையின் ‘தி எஃப்16ஸ்’ குழுவை 2016 ஆல்பத்திலிருந்து பின்தொடர்கிறேன். இவர்களும் ஆங்கிலத்தில்தான் பாடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இது பதில் ஆகாது என்பது தெரியும்.


வெலிங்டன்_மாணவி
31 டிசம்பர் 2024, மதியம் 1.45

‘இங்லிஷ் டீச்சர்’ குழுவின் ‘திஸ் குட் பி டெக்சஸ்’ ஆல்பத்தை யாரும் சொல்லவில்லையே! இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குழு, இது முதல் ஆல்பம், இதற்கே இந்த ஆண்டின் மெர்குரி பரிசு (பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தருவது) கிடைத்தது. தேர்வுக்குப் படிக்கும்போது கேட்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பாடலும் நடுவில் திசை மாறிவிடும், கவனம் அங்கே போய்விடும். ‘ரொமான்ஸ்’ பற்றி கொழுந்து அண்ணா ஒரே வரியில் முடித்துவிட்டார். அதில் ‘ஸ்டார்பர்ஸ்டர்’ என்ற பாடலில் மூச்சை இழுக்கும் ஓசை திரும்பத் திரும்ப வரும். பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் ரயில் நிலையத்தில் திடீரென்று ஏற்பட்ட பதற்றத் தாக்குதலிலிருந்து பிறந்த பாடல் அது. எனக்குத் தேர்வு அறையில் அது நடந்திருக்கிறது, இரண்டு தடவை. வெளியே சொல்லத் தெரியாமல் இருந்தேன். அந்த மூச்சைக் கேட்ட அன்று அம்மாவிடம் சொன்னேன்.


கோத்தகிரி_கொழுந்து
1 ஜனவரி 2025, காலை 10.20

தங்கையே, அம்மாவிடம் சொன்னது மிக நல்லது. இப்போது எப்படி இருக்கிறீர்கள்? அந்தப் பாடலை இனி அவசரமாகத் தாண்டமாட்டேன்.

208, அண்ணனைப் பற்றிப் படித்த பிறகு க்யூர் ஆல்பத்தை நேற்றிரவு பஸ்ஸில் இல்லாமல் வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி. என் அளவுகோல் அந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. ஆனால் லெண்டர்மன் விஷயத்தில் நான் பின்வாங்க மாட்டேன். கடைசிப் பாடலின் இரைச்சலைக் குஞ்சப்பனைக்குக் கீழே, காது அடைத்துத் திறக்கும் அந்த இடத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த மனிதர் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டார். கிட்டாரை அப்படியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறியது போல இருக்கும். அந்த நிமிடங்களை வெட்டினால் முன்னால் வந்த எட்டுப் பாடல்களும் வெறும் கதையாகிவிடும்.

வானொலி ஐயா, உங்கள் கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது படுகு. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.33 லட்சம் பேர் பேசும் மொழி. பக்கத்தில் வாழும் கோத்தர் பழங்குடியினரின் மொழியைப் பேசுபவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. பாட்டியின் இளவயதில் படுகர் வீட்டுச் சாவுகளுக்குக் கோத்தர்கள் வந்து வாசித்ததைப் பற்றி அவர் இன்னமும் பேசுவார். கொள் என்று ஒரு ஊதுகருவி, நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி கொண்டது. கூடவே பறைகளும் கொம்பும். கொள் வாசிப்பவர் கன்னத்தில் காற்றை நிறுத்தி மூச்சை விடாமல் தொடர்ந்து ஊதுவார், இடைவெளியே இருக்காது. மோக்டாரின் கிட்டாரில் நான் முதலில் தவறவிட்டது எது என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. பாடல் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது திரும்பாது, தொடர்ந்து சுற்றும்.

நம் மலையின் தனிமையை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வாசித்தவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அதை ஆல்பம் என்று நாம் நினைக்கவில்லை, அவ்வளவுதான். ராக் இசை கேட்கும் எங்களில் ஒருவரும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது.


கூடலூர்_வானொலி
1 ஜனவரி 2025, மாலை 5.10

இந்தப் பதிலுக்கு நன்றி தம்பி. பாட்டிக்கு மோக்டாரைப் போட்டுக் காட்டினீர்களா?


குன்னூர்_208
4 ஜனவரி 2025, இரவு 9.00

இன்று பர்லியார் வழியாக இறங்கும்போது ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ நான்காவது தடவை. குரல் இன்னும் பிடிக்கவில்லை. அந்தக் கடைசி இரைச்சல் கல்லாறு வரை வந்தது, அணைக்கத் தோன்றவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் ஒப்புக்கொள்கிறேன்.


பண்ணைக்காடு_காபி
5 ஜனவரி 2025, இரவு 7.40

வானொலி ஐயா சொன்ன மெமரி கார்டு செய்தி மனத்தில் நிற்கிறது. பாலைவனத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் சிக்னல் விஷயத்தில் வேறுபாடு இல்லை. பறிப்புக்கு வரும் இளைஞர்களில் மூன்று பேர் ‘டயமண்ட் ஜூபிலி’ கேட்டுவிட்டு அதைத் தங்கள் கைபேசியிலும் ஏற்றித் தரச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒருவருக்கு 19ஆவது பாடல் பிடித்திருக்கிறது, எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். மூவருக்கும் சேர்த்து இன்று அந்த 30 டாலரை அனுப்பிவிட்டேன்.


கோத்தகிரி_கொழுந்து
8 ஜனவரி 2025, இரவு 10.30

எத்தையம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்ததால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. இன்றுதான் எல்லோரும் கிளம்பினார்கள்.

ஐயா, போட்டுக் காட்டினேன். பாட்டிக்கு 86 வயது. காது சற்று மந்தம் என்பதால் ஸ்பீக்கரைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். என்ன மொழி, எந்த நாடு, ஆல்பத்தின் பெயர் என்ன என்று எதையும் சொல்லவில்லை. முதல் பாடலில் டிரம்ஸ் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். கிட்டார் சுற்றத் தொடங்கியதும் கைவிரல்கள் போர்வையின் மேல் தாளம் போட ஆரம்பித்தன. இரண்டாவது பாடல் முடியும்போது என்னைக் கூப்பிட்டு, யார் வீட்டில் சாவு என்று கேட்டார்.

அந்த ஆல்பத்தின் பெயருக்கு ‘நீதியின் இறுதிச் சடங்கு’ என்று பொருள் என்பதைப் பிறகுதான் அவருக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. அப்படியானால் முழுதும் வாசிக்கட்டும், பாதியில் நிறுத்தாதே என்றார்.

முதலிடத்தை மாற்றியிருக்கிறேன். லெண்டர்மன் இரண்டாவது. நாளை காலை 6.30 பஸ்ஸுக்கு மோக்டாரை மறுபடி ஏற்றி வைத்துவிட்டேன்.